பெலிக்ஸின் தலையில் ஏறிய தொப்பி

அன்பர்களே, வணக்கம். உரோமையிலிருந்து நான் பேசும் நான்காவது காணொளி இது. என் தலையில் தொப்பியைப் பார்த்து நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. தனுஷ்கோடியில் என் தொப்பியைக் காற்று கடலுக்குள் கொண்டுபோனபோது, இனித் தொப்பியே வாங்குவதில்லை என்று உங்கள் முன்னிலையில்தான் சபதம் செய்தேன். இந்த ஊர் வெயில் அதைக் கலைத்துவிட்டது. நடைபாதை வியாபாரி 25 யூரோ கேட்டார். நான் 12 என்றேன். வேண்டாம் என்று இரண்டு முறை நடையைக் கட்டினேன், இரண்டு முறையும் அவரே கூப்பிட்டார், கடைசியில் 15 யூரோவுக்குப் படிந்தது. நம் ஊரில் இதே ஓலைத் தொப்பி என்ன விலை என்று தயவுசெய்து யாரும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம்.

இதை வாங்கிய இடம் பாங்கி வீதிகளுக்கு அருகில் என்பதில்தான் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. 16ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் அடிக்கடி எதிர்ப்பட்ட இரண்டு நண்பர்களின் கதையிலும் ஒரு தொப்பி வருகிறது. ஒருவர் புனித பிலிப்பு நேரி. ஃபிளாரன்ஸில் பிறந்தவர், ஒரட்டோரியம் என்ற குருக்கள் சபையை நிறுவியவர், பாப்பரசருக்கு அடுத்த நிலையிலுள்ள கர்தினால்களும் யோசனை கேட்டு வந்த குருவானவர். மற்றவர் கந்தாலிச்சே என்ற மலைக்கிராமத்து பெலிக்ஸ். மாடு மேய்த்து, ஏர் உழுது, பிறகு ஏழ்மையை விரதமாகக் கொண்ட கப்பூச்சின் துறவியர் சபையில் சேர்ந்த, குருப்பட்டம் பெறாத, எழுத்தறியாத சகோதரர். ஏறக்குறைய 40 ஆண்டுகள் உரோமைத் தெருக்களில் மடத்துக்காகப் பிச்சை எடுத்தவர். எதைக் கொடுத்தாலும், கொடுக்காமல் ஏசினாலும், ‘தேயோ கிராசியாஸ்’, அதாவது ‘இறைவனுக்கு நன்றி’ என்பார் என்பதால், சிறுவர்கள் அவரை அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். இருவரும் பிறந்தது 1515ஆம் ஆண்டில்.

நேரியின் குறும்பு ஊரறிந்தது. தம்மைப் புனிதர் என்று யாரும் போற்றிவிடக் கூடாது என்பதற்காகத் தாடியில் பாதியை மட்டும் மழித்துக்கொண்டு வெளியே போனவர் அவர். கடைகளில் விற்கும் படங்களோ அவரைக் கண்ணீரோடு வானத்தைப் பார்க்க வைக்கின்றன. அந்தப் படங்கள் எனக்கு அறவே பிடிப்பதில்லை. பெலிக்ஸும் குறும்பில் குறைந்தவரல்லர். தம்மை மடத்தின் கழுதை என்று சொல்லிக்கொள்வார். இவர்கள் சந்தித்தால் ஒருவர் மற்றவருக்கு, கிறிஸ்துவுக்காக எரிக்கப்பட வேண்டும், வெட்டுப்பட வேண்டும் என்று மறைசாட்சி மரணத்தை வாழ்த்தாகச் சொல்வார்களாம். வழிப்போக்கர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், அது இல்லாமல் தொப்பிக் கதை புரியாது: பெலிக்ஸ் ரொட்டியோடு திராட்சை இரசமும் பிச்சை வாங்குவார், அதற்கான குடுவை தோளில் தொங்கும். ஒரு நாள் பாங்கி வீதியில், தாகமா என்று கேட்டு அந்தக் குடுவையை நேரியிடம் நீட்டினார். மதிப்புக்குரிய குருவானவர் நடுத்தெருவில், கூட்டம் பார்த்து நிற்க, குடுவையை வாயில் வைத்துக் குடித்தார். பிறகு, இப்போது உமது முறை என்று தம் தொப்பியைக் கழற்றிப் பெலிக்ஸின் தலையில் வைத்து, இப்படியே நடந்து போம் என்றார். கப்பூச்சின் உடைக்குமேல் குருக்களின் தொப்பி! பெலிக்ஸ் மறுக்கவில்லை; போகிறேன், ஆனால் யாராவது பிடுங்கிக்கொண்டால் நஷ்டம் உமக்குத்தான் என்று மட்டும் சொன்னார். சிறிது தூரம் போன பிறகு நேரி ஆளனுப்பித் தொப்பியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 15 யூரோ கொடுத்தவன் என்ற முறையில் அந்தப் பதற்றம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

இதை வெறும் வேடிக்கை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மிலான் பேராயர் கர்தினால் சார்லஸ் பொரோமியோ, தம் குருக்கள் குழுவுக்கான விதிமுறைகளை வகுக்க நேரியின் உதவியை நாடியபோது, நேரி கைகாட்டியது வாசிக்கத் தெரியாத இந்தப் பெலிக்ஸை. ஒருவர் கர்வத்தை மற்றவர் நடுத்தெருவில் உரித்துப் பார்த்த பிறகு வரும் நம்பிக்கை அது. புனிதர் பட்டத்தில் மட்டும் இடைவெளி பெரியது: நேரிக்கு 1622, பெலிக்ஸுக்கு 1712.

பிற்காலத்தில் பாப்பரசர் 14ஆம் கிரகோரியார், நேரியைக் கர்தினாலாக்க விரும்பித் தம் சிவப்புத் தொப்பியையே எடுத்து அவர் தலையில் வைத்தார். நேரி அதையும் சிரிப்பாக்கித் தட்டிக்கழித்தார். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க அப்போது பெலிக்ஸ் இல்லை. அவர் 1587லேயே இறந்திருந்தார்.