ஒரு புள்ளியும் ஒரு பி.டி. பீரியடும்

(கல்லூரி விளையாட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, கல்லூரித் தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, கோப்பை எப்போது கொடுப்பார்கள் என்று காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பொன்னாடைக்கும் நன்றி. ஏற்கெனவே வீட்டில் பதினாறு இருக்கின்றன. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை.

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, ஒரு கல்லூரி அணி. இரண்டு, கல்லூரி விளையாட்டுக்குள் பணம் புகுந்த கதை. மூன்று, போர். எல்லாவற்றுக்கும் ஒரே பழமொழி போதும்: சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம், சோளக்காட்டுச் சீமை. அங்கே அயோவா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி. நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்களே, அது. 1937, 1938 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 16 ஆட்டம் ஆடி இரண்டில்தான் ஜெயித்தார்கள். 1939இல் எட்டி ஆண்டர்சன் என்பவர் பயிற்சியாளராக வந்தார். அவர் ஒரு டாக்டர். காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் மைதானம். அந்த ஆண்டு எட்டு ஆட்டத்தில் ஆறு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன்.

அந்தக் காலத்து விதியில், ஆட்டத்தின் ஒரு கால்பகுதியில் வெளியே போனவன் அதே பகுதியில் திரும்பி உள்ளே வர முடியாது. ஆகவே தாக்கினவனே தடுக்கவும் வேண்டும். அயோவாவிலோ தேறின ஆட்களே கொஞ்சம். பலர் 60 நிமிடமும் களத்திலேயே நின்றார்கள். ‘இரும்பு மனிதர்கள்’ என்ற பேர் அதனால் வந்தது. பர்டூ பல்கலைக்கழக அணியை எப்படி ஜெயித்தார்கள் தெரியுமா? 4–0. எதிரியை அவன் எல்லைக்குள்ளேயே மடக்கினால் இரண்டு புள்ளி கிடைக்கும். அப்படி இரண்டு முறை. அவ்வளவுதான் மொத்தக் கணக்கு. சிறு துரும்பு!

இப்போது நோட்டர் டேம் என்ற இன்னொரு பல்கலைக்கழகத்தோடு ஆடிய ஆட்டத்துக்கு வருகிறேன். மணியடிக்கும் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையை 1921இல் இருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு அசகாயசூரர்களான நோட்டர் டேம் அணி அயோவா அணியின் ஊருக்கு வந்து 10–7 என்று தோற்றுப்போனது. தோற்ற அணியின் கேப்டன் யார்? இதே எட்டி ஆண்டர்சன்! பதினெட்டு ஆண்டு கழித்து, 1939 நவம்பர் 11 அன்று, அதே ஊரில், அதே நோட்டர் டேமுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறார். தாய்வீட்டை எதிர்த்து நிற்கிற மாதிரி. முதல் பாதி முடியப் போகிற நேரம், நோட்டர் டேம் தன் கோட்டருகே பந்தை நழுவவிட்டது. அயோவாவில் நைல் கின்னிக் என்று ஒரு பையன், வாட்டசாட்டமானவன் இல்லை. வழக்கமாக நிற்கும் இடத்தை மாற்றி நிறுத்தி அவன் கையில் பந்தைக் கொடுத்தார்கள். எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புகுந்துவிட்டான், ஆறு புள்ளி. அப்புறம் கூடுதல் ஒரு புள்ளிக்கான உதையையும் அவனே உதைத்தான். ஏழு. கடைசிக் கால்பகுதியில் நோட்டர் டேமும் ஆறு எடுத்தது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவர்களுடைய கூடுதல் உதை... வெளியே! 7–6. ஆட்டம் முடியும் தறுவாயில் கின்னிக் ஓர் உதை உதைத்தான் பாருங்கள், 63 கெஜம். பந்து நோட்டர் டேமின் எல்லைக்கோட்டுக்கு ஆறே கெஜம் முன்னால் போய் வெளியேறியது. அங்கிருந்து எதிர்க்கோடி வரை போக வேண்டும், அதற்கப்புறம் அவர்களால் மீள முடியவில்லை. ஒரே ஒரு புள்ளி, ஐயா! சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

இந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்பதுதான் எனக்கு முக்கியம். படிப்பில் முதல் வரிசை. தன் வகுப்புக்குத் தலைவன். அந்த ஆண்டு நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீரனுக்கான ஹெய்ஸ்மன் கோப்பை அவனுக்குத்தான். தொழில்முறை அணிகள் பணத்தோடு வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சட்டம் படிக்கப் போனான். விளையாடினால் படிப்பு கெட்டுப்போகும் என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் படித்த பள்ளியில் வாரம் இரண்டு பி.டி. பீரியட், அட்டவணையில் மட்டும். மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு உள்ளே வருவார். நாங்கள் ஷூ கயிற்றைக் கட்டிய கையோடு உட்கார்ந்துவிடுவோம். ஜன்னலுக்கு வெளியே காலி மைதானத்தில் ஆடு மேயும். இன்றும் எத்தனை பள்ளியில் இதே கதை! பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். முக்கால் மணி நேரம், சிறு துரும்பு. அதையும் பிடுங்கினால் எப்படி?

பணக் கதைக்கு நேரமில்லை. மணி அடித்துவிட்டார்கள். போரை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோப்பை வாங்கிய மேடையில் கின்னிக், ஐரோப்பாவின் போர்க்களத்தில் இல்லாமல் விளையாட்டுக் களத்தில் மோதக் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னான். பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டு அமெரிக்காவைப் போருக்குள் இழுத்ததற்கு மூன்று நாள் முன்பு கடற்படை விமானப் பிரிவில் பணிக்குச் சேர்ந்தான். 1943 ஜூன் 2, பயிற்சிப் பறத்தலின்போது எஞ்சினில் எண்ணெய் கசிந்து, விமானத்தைக் கடலில் இறக்கினான். உடல் கிடைக்கவில்லை. வயது 24. 1972இல் அயோவா அணியின் மைதானத்துக்கே அவன் பேரை வைத்தார்கள்.

கோப்பை மேசைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பி.டி. பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு. முதல் கையெழுத்து முதல்வர் அம்மா போட வேண்டும். இரண்டாவது, கணக்குத் துறைத் தலைவர் ஐயா. சிரிக்காதீர்கள் ஐயா, பேனா இதோ இருக்கிறது. வணக்கம்.