டேப் விசையை ஒரே ஒரு முறை அழுத்துங்கள்: ஒளிந்திருக்கும் இணைப்பு வெளியே வரும்

வணக்கம். இந்த வீடியோவைச் சற்றே நிறுத்திவிட்டு, கணினியில் தமிழ் விக்கிப்பீடியாவின் ஏதேனும் ஒரு கட்டுரையைத் திறந்து, மவுஸைத் தொடாமல் டேப் விசையை ஒருமுறை அழுத்துங்கள். அதுவரை கண்ணில் படாத ‘உள்ளடக்கத்துக்குச் செல்’ என்ற இணைப்பு பக்கத்தின் மேல்பகுதியில் தோன்றும். அங்கே என்டர் அழுத்தினால் மெனு, தேடல் பெட்டி, உள்நுழைவு ஆகிய அனைத்தையும் தாண்டி நேராகக் கட்டுரைக்கு வந்துவிடலாம்.

இதை யாருக்காக வைத்தார்கள்? கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க இயலாதவர்களும், திரைவாசிப்பான் துணையுடன் இணையத்தைக் கேட்டறியும் பார்வையற்றோரும் விசைப்பலகையை நம்பியே தளங்களில் நடமாடுகிறார்கள். மெனுவில் 40 இணைப்புகள் இருந்தால், இந்த ஓர் இணைப்பு இல்லாத தளத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் 40 முறை டேப் அழுத்திய பிறகே அவர்கள் செய்தியின் முதல் வரியை அடைய முடியும். அதனால்தான் இணையத்துக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு, திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைத் தாண்டிச் செல்ல வழி இருக்க வேண்டும் என்பதை அடிப்படை நிலையிலேயே கட்டாயமாக்கியது.

மற்ற விசைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்: ஷிஃப்ட்டுடன் டேப் பின்னோக்கி நகர்த்தும், என்டர் இணைப்பைத் திறக்கும், ஸ்பேஸ் தேர்வுப்பெட்டியில் குறியிடும், எஸ்கேப் பெரும்பாலான பாப்-அப்களை மூடும்.

டேப் அழுத்தும்போது நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு தெரியுமல்லவா, அந்தக் கோடு அழகைக் கெடுக்கிறது என்று சில வடிவமைப்பாளர்கள் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியில் ஒற்றை வரி எழுதி நீக்கிவிடுகிறார்கள். இரவுப் பேருந்தில் வருபவருக்கு ஊர்ப்பெயர்ப் பலகைகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் ஊரில் இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு ஒப்பான செயல் இது. பணம் செலுத்தும் பக்கத்தில் ‘ரத்து செய்’ மீது நிற்கிறோமா, ‘உறுதி செய்’ மீது நிற்கிறோமா என்று தெரியாமல் என்டர் அழுத்த யாரையும் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்களில் தளம் வடிவமைப்பவர்கள் இருந்தால், அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள். மேக் கணினியின் சஃபாரி உலாவியில் டேப் இணைப்புகளைத் தாண்டிப் போனால், அது தளத்தின் குறையன்று. ஆப்ஷன் விசையுடன் டேப் அழுத்தினால் இணைப்புகளிலும் நிற்கும்.

சில வேளைகளில் டேப் ஒரு பாப்-அப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், எஸ்கேப்புக்கும் அது அசையாது. அப்போது கண்ட்ரோலுடன் எல் அழுத்தி முகவரிப் பட்டைக்குத் தப்பிக்கலாம். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சேமித்து வைத்த பழைய கோப்புகளை விட்டுவிட்டுப் பக்கத்தைப் புதிதாகக் கொண்டுவரும். அதற்கும் சரியாகாவிட்டால் அதே முகவரியைத் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என். அந்தச் சாளரத்தில் பழைய குக்கிகள், அதாவது தளங்கள் உலாவியில் சேமித்து வைக்கும் சிறு தகவல்கள், இருக்காது; நீங்கள் தனியாக அனுமதிக்காத வரை நீட்டிப்புகளும், அதாவது உலாவியில் சேர்த்துக்கொண்ட கூடுதல் நிரல்களும், இயங்கா. ஆகவே பக்கம் அங்கே ஒழுங்காக வேலை செய்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் உலாவியில்தான் இருக்கிறது. நீட்டிப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் நீக்குங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தால் உள்நுழைந்திருந்த தளங்கள் பலவற்றிலிருந்தும் வெளியேற்றப்படுவீர்கள்.

திறக்கும் தளமெல்லாம் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரித்தால், முதலில் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய கணினியின் மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விட்டால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் நடைமுறைக்கு வராதவை என்று உலாவி கருதிவிடும். தேதியைச் சரிசெய்தாலே தளங்கள் திறக்கும். கணினியை அணைத்துப் போடும்போது தேதி மீண்டும் பின்னே போனால், அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டும்.