உடல் தந்தவர்களுக்கு நாம் பட்ட கடன்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, என்னை அன்போடு வரவேற்ற உடற்கூறியல் துறைத் தலைவர் அவர்களே, ஓய்வு பெற்ற பின்னும் மாணவர்களைக் காண வந்திருக்கும் மூத்த பேராசிரியப் பெருமக்களே, உடற்கூறு அறையை நாள்தோறும் பேணிக் காக்கும் உதவியாளர்களே (இவர்களை மேடையில் யாரும் விளிப்பதில்லை, நான் விளிக்கிறேன்), முதலாண்டு மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். உடலை அறுத்துப் படிக்கும் முறை எப்படி வந்தது, இன்றும் அது ஏன் வேண்டும், கணினித் திரையின் முப்பரிமாண மாதிரிகள் அதற்கு ஈடாகுமா.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஏட்டுச் சுரைக்காயோடுதான் இருந்தது. குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியதை மனித உடலென்று நம்பினார்கள். பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து ஏட்டை வாசிப்பார். கீழே வேறொருவர் அறுப்பார். இத்தாலியின் பதுவா நகரில் வெசாலியஸ் என்ற பேராசிரியர் இறங்கி வந்து தாமே கத்தியை எடுத்தார். மனிதனின் கீழ்த்தாடை கேலன் சொன்னபடி இரண்டு எலும்பு அல்ல, ஒன்றுதான் என்று 1543-இல் அச்சிட்டுக் காட்டினார்.

என் முதலாண்டில் எங்கள் மேசைக்கு ஒரு மூதாட்டியின் உடல் வந்தது. வயிற்றைத் திறந்து குடல்வாலைத் தேடுகிறோம். படத்தில் புழுவைப்போலத் தொங்குகிறது, இங்கே காணோம். ஒரு மணி நேரமாயிற்று. உடல் கெடாமல் காக்கும் ஃபார்மலின் நெடியில் கண்ணில் நீர். "முன்னமே ஆபரேஷன் பண்ணி எடுத்திருப்பாங்கடா" என்றான் ஒருவன். தழும்பைத் தேடினோம், அதுவும் இல்லை. ஆசிரியர் வந்தார். "புத்தகத்தை மூடுங்கப்பா. பெருங்குடல் மேல நாடா மாதிரி மூணு தசை ஓடுது பாரு. ஒண்ணைப் பிடிச்சு விரலை ஓட்டிக்கிட்டே போ" என்றார். போனேன். குடலின் பின்பக்கம், மேல்நோக்கி மடிந்து ஒட்டிக் கிடந்தது. "மூணு நாடாவும் கூடுற இடம்தான் அதோட வேர். வால் எங்க வேணாலும் போகும், வேர் மாறாது" என்றார்.

பல ஆண்டு கழித்து ஒரு நள்ளிரவு, அறுவை மேசையில் ஒரு சிறுவன். குடல்வால் கண்ணில் படவில்லை. என் விரல் தானாகவே நாடாவைத் தேடிப் போனது. அந்தப் பிள்ளை நலமாக வீடு திரும்பினான். அவனைக் காப்பாற்றியவர் அந்த மூதாட்டி. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அவர் விரும்பித்தான் வந்தாரா என்பதும் தெரியாது. அதுதான் என்னை உறுத்துகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1828-இல் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை உடற்கூறு வகுப்புக்கு விற்றது வெளிவந்தது. 1832-இல் பிரிட்டன் சட்டம் போட்டு, கேட்பாரற்ற ஏழைகளின் உடலை எடுத்துக்கொண்டது. இருந்தவரை யாரும் கேட்காத மனிதரிடம், இறந்த பிறகும் நாம் கேட்கவில்லை. விரும்பித் தருபவர் பெருகினால்தான் இது தீரும். உடல் போதாமல் ஒரு மேசையைச் சுற்றி முப்பது பேர் நின்றால், பின்வரிசைப் பிள்ளையின் கைக்குக் கத்தி வருவதேயில்லை. அவனுக்கு மிஞ்சுவது ஏட்டுச் சுரைக்காய்தான்.

திரை மாதிரிகளைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம், இது அவசரம். பெற்றோர்களே, உடல் தானத்தை உயிலில் எழுதிப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். கல்லூரிக்குத் தகவல் சொல்லி உடலை ஒப்படைக்கப் போகிறவர்கள் உங்கள் வீட்டார்தான். அவர்களிடம் இன்றிரவே சொல்லுங்கள். கண்ணைத் தானம் செய்தாலும் உடலைப் பெரும்பாலும் ஏற்பார்கள். பிரேதப் பரிசோதனை நடந்த உடலைப் பொதுவாக ஏற்பதில்லை. படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. என் மனைவியும் மகளும் சாட்சிக் கையெழுத்திட்ட என் படிவத்தையும் அங்கேயே வைத்திருக்கிறேன், எடுத்துப் பாருங்கள்.