எல் எண்டா லார்ஜ் இல்லையாம்! கோல்ப் மட்டை வாங்கின கதை

வணக்கம் உறவுகளே. பொறுங்கோ, கமரா சரியுது... ஆ, சரி. பின்னால தெரியிறது எங்கட வயல்தான். அரிவு வெட்டி முடிஞ்சு அடிக்கட்டை மட்டும் நிக்குது. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி திறக்கும்மட்டும் இது என்ர கோல்ப் மைதானம்.

மட்டை வந்திட்டுது! பூவரசங் கட்டையைப் பிவிசி பைப்பில செருகிச் செய்தனே, அதில்லை. அது மூண்டாவது அடியில தலை கழண்டு பறந்துபோய் ஆட்டுக்கொட்டில் தகரத்தில விழுந்தது, பாத்திருப்பியள். இது உண்மையான மட்டை. கொழும்பில ஒருத்தரிட்டப் பழசு, அஞ்சு மட்டை, 23,500 ரூபா. அவர் சொன்னது 30,000. நான் ரெண்டு கிழமை கதைச்சுக் கதைச்சு இறக்கினனான்.

கிளப் எண்டுதான் சொல்லவேணுமாம், தெரியும். வீட்டில "கிளப் வாங்கப் போறன்" எண்டு சொன்னதுக்கு அம்மா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வச்சிருந்தவ. அதால மட்டை.

முதல்ல பஸ் கதையைச் சொல்லவேணும், எனக்கு இன்னும் ஆறேல்லை. கொழும்பில ஏத்தேக்க பாசலுக்கு 500 ரூபா குடுத்தாச்சு. விடிய நாலரைக்குக் கிளிநொச்சியில நான் பனிக்குள்ள நிக்கிறன். பஸ் வந்து நிண்டுது. கொண்டக்டர் பையைக் குடுக்காமல் கட்டிப் பிடிச்சுக்கொண்டு, "தம்பி இன்னும் 600 தரவேணும்" எண்டுறார். ஏன் அண்ணை எண்டு கேட்டா, "இது ஒரு ஆள் நீளம் இருக்கு, இரா முழுக்க என்ர காலுக்க கிடந்தது." அதுக்கு நான் என்ன செய்ய? கால் நீட்டேலாமப் போனதுக்கு ரிக்கெற்றோ? சனம் எல்லாம் யன்னலால எட்டிப் பாக்குது. பேந்து மெதுவாக் கேக்கிறார், "உள்ளுக்க என்ன, துவக்கோ?" நான் சிப்பைத் திறந்து புட்டரை, பந்தைக் குழிக்குள்ள உருட்டி விடுற மட்டையை, எடுத்துக் காட்டினன். அவர் அதைக் கையில வாங்கி, ரோட்டில ரெண்டுதரம் தட்டிப் பாத்திட்டு, "சரி, 300 தா" எண்டிட்டார். ஓமந்தைச் சோதனைச்சாவடி இருந்த காலமெண்டா இந்தப் பையோட நான் ஒரு நாள் முழுக்க அங்கதான் இருந்திருப்பன். ஆகமொத்தம் பஸ்ஸுக்கு மட்டும் 800. எழுதி வச்சிருக்கிறன்.

சரி, விசயத்துக்கு வருவம். நுவரெலியா வீடியோவுக்குப் பிறகு (1889ல தொடங்கின கோல்ப் கிளப், நான் வேலிக்கு வெளியில நிண்டு எட்டிப் பாத்தது) கனபேர் கொமென்ற்றில சொன்னது, "பெட்டியோட முழு செற் வாங்கு" எண்டு. முக்கியமாக் கனடா அண்ணைமார். அண்ணை, உங்கட டொலரை எங்கட ரூபாவுக்கு மாத்திப் பாருங்கோ, நான் உழவு மிசினை விக்கவேண்டி வரும். எனக்கு அந்தப் பெட்டி செற்றே பிடிக்கேல்ல. விதிப்படி பைக்குள்ள 14 மட்டைக்கு மேல வச்சிருக்கக் கூடாது. அது கூடினபட்ச எண்ணிக்கைதான், 14ம் வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. புதுசாப் பழகிற ஆளுக்கு ஏழாம் இலக்க ஐயன் (இரும்புத் தலை மட்டை), ஒன்பதாம் இலக்கம், கிட்டத்துக்கு உயர அடிக்கப் பிற்சிங் வெட்ஜ், தூரத்துக்கு ஒரு ஹைபிரிட், ஒரு புட்டர், இவ்வளவும் காணும். நான் வாங்கினதும் இந்த அஞ்சுதான்.

கிட்டவாப் பாருங்கோ, ஏழாம் இலக்கத்தின்ர முதுகுப் பக்கம். நடுவில குழியாத் தோண்டி விட்டமாதிரி இருக்கெல்லோ? இதைக் கவிற்றி பாக் எண்டு சொல்லுறது. நடுவில இருந்த பாரத்தைச் சுத்திவர விளிம்புக்குக் கொண்டுபோயிருக்கிறாங்கள். அதால பந்து நடுவில படாட்டியும் மட்டை கையில அவ்வளவு திரும்பாது. முதுகு சப்பட்டையா, கத்திமாதிரி மெல்லிசா மினுங்கிற மட்டையும் வரும், பாக்க நல்ல வடிவு. வாங்காதேங்கோ. அது நடுவில அடிக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு. எங்களுக்குக் கை விறைச்சுப்போகும்.

இந்தக் கைப்பிடி ரப்பர் வரேக்க ரயர்மாதிரிக் காய்ஞ்சு வழுக்கினது. வித்த ஆள் புதுசு மாத்தச் சொன்னவர். நான் சட்டி மினுக்கிற பச்சைத் துண்டும் சவுக்காரமும் போட்டு உரஞ்சு உரஞ்செண்டு உரஞ்சினன். ஊத்தை கறுப்பா ஓடிச்சுது. இப்ப பிடிச்சுப் பாருங்கோ... ஓ, நீங்கள் பிடிக்கேலாது. ஒட்டுது, நல்லா ஒட்டுது. செலவு ஒரு சதமும் இல்லை. வெடிச்சுப் போயிருந்தா மட்டும் மாத்தத்தான் வேணும். உள்ளுக்க ரெண்டு பக்கமும் ஒட்டிற ரேப் சுத்தி, தின்னர் ஊத்தி வழுக்கி விடுறது. சைக்கிள் பிடி போட்ட ஆக்களுக்கு அது பெரிய வேலையில்லை.

இலக்கத்தையும் நம்பாதேங்கோ. பழைய ஏழாம் இலக்கத்தில பந்து படுற முகத்தின்ர சரிவு 34, 35 பாகை இருக்கும். இப்ப வாறதுகள் சிலது 30க்கும் கீழ. ஒவ்வொரு செற்றில ஒவ்வொண்டாப் பொறுக்கினா ஏழும் எட்டும் ஒரே தூரம் போகும். அதால முடிஞ்சவரைக்கும் ஒரே செற்றில எடுங்கோ. நான் அப்பிடி எடுக்கேல்ல. அதுதான் இப்ப சொல்லப்போற பிரச்சினை.

ஐயோ, அதுக்கு முதல் ட்றைவர் கதை, ஆகத் தூரம் அடிக்கிற பெரிய தலை மட்டை! மறந்திட்டன். அது வேற ஒருத்தர், பெரிய பேர் போட்ட ட்றைவர், 12,000க்குத் தாறன் எண்டார். தலை ரைற்ரேனியமாம். நான் வீடியோ கோலில, "அண்ணை, உங்கட பிறிஜ்ஜில ஒட்டியிருக்கிற காந்தத்தைத் தலையில ஒருக்கா வையுங்கோ" எண்டன். டிக்கெண்டு ஒட்டிச்சுது! ரைற்ரேனியத்தில காந்தம் ஒட்டாது. அவர் காந்தத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார், "சிக்னல் இல்லை" எண்டு கட் பண்ணினவர்தான். ஆனா ஒண்டு, ஒட்டாட்டி அசல் எண்டு நினைச்சிடாதேங்கோ, அலுமினியத்திலயும் ஒட்டாது. அடியில இருக்கிற திருகாணிக்குக் கிட்டவும் வைக்காதேங்கோ, அது இரும்பா இருக்கலாம். அந்த வீடியோ கோலை அன்ரைக்கே பதிஞ்சிருக்கவேணும், விட்டிட்டன்.

இப்ப என்ர பிரச்சினை. மற்ற நாலும் உருக்குத் தண்டு, பாருங்கோ, படிப்படியா வளையம் வளையமா இருக்கு. ஏழாம் இலக்கம் மட்டும் கறுப்புத் தண்டு, கிராபைற், பாரமே இல்லை. கைப்பிடிக்குக் கீழ ஒரு ஸ்ரிக்கர், அரைவாசி உரிஞ்சுபோய் எல் எண்ட எழுத்து மட்டும் மிச்சம். நான் 6 அடி. ரீசேட் எப்பவும் லார்ஜ். எனக்கெண்டே செய்தது எண்டு சந்தோசப்பட்டு வாங்கினன்.

மூண்டு நாள் அடிச்சன். பந்து உயர எழும்புது, இடப்பக்கம் இழுக்குது, தூரம் போகுதே இல்லை. முதுகு நோகுது, ஏனெண்டா குனிஞ்சு குனிஞ்சு அடிக்கிறன். நேற்று இரவுதான் தேடிப் பாத்தன். எல் எண்டா லேடீஸ்! தண்டு எவ்வளவு வளையும் எண்டதுக்கு அந்த எழுத்து. எல் ஆக இளக்கம், ஏ வயசான ஆக்களுக்கு, ஆர் சாதாரணம், எஸ் இறுக்கம், எக்ஸ் அதைவிட இறுக்கம். ஆம்பிளை பொம்பிளை எண்டதைவிட, வீசிற வேகம்தான் கணக்கு. ஆனா பொம்பிளையளின்ர மட்டை நீளமும் ஒரு அங்குலமளவு குறைவா வரும். அதுதான் முதுகு. சப்பாத்தோட நேரா நிண்டு, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டில இருந்து நிலம்மட்டும் அளந்து பாத்திட்டு வாங்கவேணுமாம். நான் அளந்ததெல்லாம் விலையைத்தான்.

பந்தைச் சொல்ல மறந்திட்டன். பழசு, ஒண்டு 150 ரூபா, இருபது வாங்கினன், பதினாலு மிச்சம். வலைக்கு வெளியால பத்தைக்குள்ள போனதுகளை நான் தேடிறேல்லை. எங்கட காணி கண்ணிவெடி எடுத்துத் துப்புரவாக்கினதுதான், எண்டாலும் சின்னனில இருந்து மண்டையோட்டுப் பலகை பாத்து வளந்த கால், பத்தைக்குள்ள போகாது. வலை நான் முந்தி முல்லைத்தீவில வாங்கின மீன்வலைதான். காய்ஞ்ச களிமண் கல்லுமாதிரி, அதில நேர அடிச்சா மணிக்கட்டுப் போயிடும், தும்புக் கால்மிதி ஒண்டு போட்டு அதில வச்சு அடியுங்கோ. புட்டருக்குப் பால்மா ரின் ஒண்டைத் தாட்டு வச்சிருக்கிறன். உண்மையான குழி 108 மில்லிமீற்றர், ரின் கொஞ்சம் சின்னன். இதில விழுந்தா எதிலயும் விழும்.

இப்ப என்ன நடந்ததெண்டா, காலமை தங்கச்சி ரியூசன் முடிஞ்சு வந்தவ. "அண்ணா, ஒருக்கா தாங்கோ" எண்டு அந்த எல் மட்டையை வாங்கி, செருப்போட நிண்டு, சும்மா ஒரு வீச்சு. படீர்! நேரா, வலையின்ர நடுவில. பேந்தும் ஒண்டு, அதே இடம். எனக்கு மூண்டு நாளா ஒண்டும் அப்பிடிப் போகேல்ல. சிரிக்கிறா, பாருங்கோ... இங்கால வா, கமராவுக்கு வா. வரமாட்டாவாம்.

மட்டையைத் தனக்குத் தரட்டாம், 3,000 தாறாவாம். 23,500ஐ அஞ்சாப் பிரிச்சா 4,700. பஸ் காசு 800ஐயும் பிரிச்சா 160. 4,860க்கு ஒரு சதமும் குறையாது எண்டு சொல்லிப்போட்டன். உள்ளுக்க அம்மாவைக் கூப்பிடப் போறா போல. நான் கமராவை நிப்பாட்டிறன்.