ஓங்கிய கையும் ஒடித்த கிளையும்

அனைவருக்கும் மாலை வணக்கம். சீரியலைத் திட்டுவதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். நான் சீரியல் பார்க்கிறவன். சீரியலிலும் நகைச்சுவையிலும் கோபம் எப்படி வருகிறது என்பதைத்தான் பேசப்போகிறேன்.

தொல்காப்பியத்தில் கோபத்துக்கு வெகுளி என்று பெயர். அது பிறக்கும் இடம் நான்கு: ‘உறுப்பறை குடிகோள் அலை கொலை’. உறுப்பை வெட்டுவது, குடும்பத்துக்குக் கேடு செய்வது, திட்டுவதும் அடிப்பதும், கொல்வது. சிரிப்புக்கும் நான்கு உண்டு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வது. நம் சீரியல்கள் பெரும்பாலும் குடிகோள் ஒன்றை வைத்தே வண்டி ஓட்டுகின்றன. சொத்து, பத்திரம், நின்றுபோன கல்யாணம்.

சீரியலில் ஓர் அறை எப்படி விழுகிறது என்று கவனித்திருப்பீர்கள். மாமியார் கையை ஓங்குகிறார். அது இறங்குவதற்குள் காமிரா நாத்தனார் முகத்துக்குப் போகிறது, கொழுந்தன் முகத்துக்குப் போகிறது, சமையல்காரம்மா, காய்கறிப் பையோடு வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் போய்த் திரும்புகிறது. முகத்துக்கு ஓர் இடிச்சத்தம். மாமனாருக்கு மட்டும் மூன்று. அப்புறம் ‘தொடரும்’. மறுநாள் அதே கையை முதலிலிருந்து ஓங்குவார். நாள் தவறாமல் அரைமணி நேரத்தை நிரப்பியாக வேண்டும். முகங்களுக்குத் தனிச் செலவு இல்லை, எல்லோரும் அதே கூடத்தில்தானே நிற்கிறார்கள். கோபம் தீர்ந்தால் கதையும் தீர்ந்துவிடுமே! ‘கோலங்கள்’ 2003இல் தொடங்கி 2009 வரை, 1,500 எபிசோடுக்கு மேல் ஓடியது. அதில் பகையாளிகளான அபியும் ஆதியும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். பிபிசியில் 1975இல் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ என்று ஒரு நகைச்சுவைத் தொடர். மொத்தமே 12 எபிசோட்தான். ஓட்டல் நடத்தும் பேசில் என்பவராக ஜான் கிளீஸ் நடித்தார். ஒரு நாள் விருந்தாளிகள் பசியோடு காத்திருக்க, சாப்பாடு எடுத்துவரப் போன பேசிலின் கார் நடுவழியில் நின்றுவிடுகிறது. காரோடு சண்டை போடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எச்சரிக்கிறார். பிறகு சட்டென்று எங்கோ ஓடிவிடுகிறார். சில நொடிகள் திரையில் கார் மட்டும் தேமே என்று நிற்கிறது. திரும்பி வரும்போது கையில் ஒரு மரக்கிளை. அதை வைத்துக் காரை அடி அடியென்று அடிக்கிறார். காமிரா தள்ளியே நிற்கிறது. தொல்காப்பியர் சொன்ன அதே ‘அலை’தான், ஆனால் அடி வாங்குவது தகரம். வீட்டில் மனைவி சிபிலின் குரல் கேட்டாலே பதுங்குகிற மனுஷன், பாவம், வேறு எதை அடிப்பார்?

சீரியலில் கோபப்படுகிறவர் கையில் வீட்டுச் சாவி இருக்கும். நகைச்சுவையில் கோபப்படுகிறவர் கையில் ஒன்றும் இருக்காது. சிரிப்பு வருவதும் பயம் வருவதும் இதைப் பொறுத்துத்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ‘எதிர்நீச்சல்’ சீரியல் வந்து அதைக் கொஞ்சம் குழப்பிவிட்டது.

ஆதி குணசேகரனாக மாரிமுத்து வந்து “ஏய்... இந்தாம்மா” என்றதும் அந்த வீட்டு மருமகள்கள் நான்கு பேரும் அப்படியே நின்றுவிடுவார்கள். சாவி, சொத்து, அதிகாரம் எல்லாம் அவர் கையில். ஆனால் ஊரே அதை மீமாக்கிச் சிரித்தது. ஏன்? அந்தத் துணுக்குகளைப் போட்டுப் பார்த்தேன். அவர் முகமும் குரலும் மட்டும் இருந்தன. கேட்டுக்கொண்டு நின்ற பெண்களின் முகங்களை வெட்டியிருந்தார்கள். இழுவை என்று நாம் கேலி செய்கிற அந்த முகங்கள் போனதும், அதட்டல் காமெடி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் பேரன் அந்த மீமை எல்லோருக்கும் காட்டினான். எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. “உங்க மாமா என்னை இப்படித்தான்டா கூப்பிடுவாரு” என்றார் என்னிடம். மாமா போய் ஒன்பது வருடம் ஆகிறது. கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு தடவை போடு” என்று பேரனிடம் கேட்டார்.