வேகத்தைக் குறைத்தால்தான் எட்டிப் பிடிக்க முடியும்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம். ‘வீடியோ கேம் படிப்புக்கும் வாழ்க்கைக்கும் துணையா, பகையா?’ என்பது தலைப்பு. துணையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். விளையாடுகிற பிள்ளைக்குப் பாடம் மண்டையில் ஏறாது என்றார். விளையாட்டு அடிமையாக்கிவிடும், உலக சுகாதார நிறுவனமே அதை நோய் என்று அறிவித்துவிட்டது என்றார். ஆளுக்கொரு திரையோடு உட்கார்ந்து வீட்டில் பேச்சே அற்றுப்போய்விட்டது என்றார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். முதல் குற்றச்சாட்டில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், நடுவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் படித்த ஒரு மாணவன். வட்டப்பாதை வேகத்துக்கான சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஆனால் அது என்ன சொல்கிறது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ராக்கெட்டை நாமே கட்டி, நாமே ஏவி, நாமே ஓட்ட வேண்டும். ஒரு நாள் அவன் அதில் ஒரு விண்கலத்தை இன்னொன்றோடு இணைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்று கவனித்தேன். இரண்டு கலங்களும் ஒரு கோளை ஒரே பாதையில் சுற்றுகின்றன. ஒன்று முன்னால் போகிறது, இவனுடையது பின்னால் வருகிறது.

முன்னால் போகிற வண்டியைப் பிடிக்க என்ன செய்வோம்? ஆக்சிலரேட்டரை மிதிப்போம். அவனும் இன்ஜினை முடுக்கினான். கொஞ்ச நேரம் நெருங்குவது போலத்தான் தெரிந்தது. ஆனால் வேகம் கூடியதும் கலம் மேலே ஏறிவிட்டது, சுற்றும் பெரிதாகிவிட்டது, ஒரு சுற்று முடிந்தபோது முன்னைவிடப் பின்தங்கியிருந்தான். இன்னும் முடுக்கினான், இன்னும் விலகியது. எரிபொருள் தீர்ந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. விளையாட்டில் சேமித்துவைத்திருந்த பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடி தொடங்கினான். என் தேர்வில் 5 மதிப்பெண் போனால் கண் கலங்குகிற பையன் அவன்.

எத்தனையாவது முறையோ, கலத்தை அப்படியே திருப்பிவைத்து, போகிற திசைக்கு எதிராக இன்ஜினைக் கொளுத்தினான். வேகம் குறைந்து கலம் கீழே இறங்கியது. கீழே சுற்று சின்னது, அங்கே போனதும் வேகமும் கூடிவிடுகிறது. அடுத்த சுற்றில் இடைவெளி பாதியாகிவிட்டது. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று கேட்டான்: “சார், வேகத்தைக் குறைத்தால்தான் எட்டிப் பிடிக்க முடிகிறது, ஏன்?” 17 ஆண்டுகளாக அந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஒரு மாணவன் அதை என்னிடம் கேட்டு வாங்கியது அன்றுதான்.

அந்தத் தவறு சின்னப் பிள்ளைத் தவறும் இல்லை. 1965 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தில் போன விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கிக் கலத்தை உந்தினார், அது விலகிப் போனது. எரிபொருள் செலவானதுதான் மிச்சம், முயற்சியைக் கைவிட்டார்கள். சரியான கணக்கோடு போன ஜெமினி 6ஏ, அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 7 கலத்தை நெருங்கிக் காட்டியது. தேர்ந்த விமானி விண்வெளியில் செய்த தவறை என் மாணவன் மேசை முன்னால் உட்கார்ந்து செய்தான். எந்த ஆசிரியரும் அவனுக்கு அதற்கு இடம் கொடுத்திருக்க மாட்டோம். எங்கள் வகுப்பில் தவறுக்குச் சிவப்பு மை உண்டு. விளையாட்டில் தவறுக்கு அடுத்த வாய்ப்பு உண்டு. நான் வாதாட வந்ததே இந்த ஒன்றுக்காகத்தான்.

‘கல்வி விளையாட்டு’ என்று பெயர் ஒட்டி வருகிற எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. வாய்ப்பாட்டைச் சரியாகச் சொன்னால் பலூன் வெடிக்கும் என்று ஒரு ரகம் இருக்கிறதே, அது வீட்டுப்பாடத்துக்குச் சாயம் பூசிய வேலை. பெருக்கலுக்கும் பலூனுக்கும் என்ன சம்பந்தம்? கெர்பலில் ஈர்ப்பு விசையை எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லை. பாடமே விளையாட்டின் விதியாக இருக்க வேண்டும்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். 1971-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், வரலாற்று வகுப்புக்காகத் தன் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ‘ஆரிகன் ட்ரெயில்’ விளையாட்டைச் செய்தார். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி கட்டி அமெரிக்காவின் மேற்குக்குக் குடிபெயர்ந்தவர்களின் பயணம்தான் அந்த விளையாட்டு. அப்போது அவர்களிடம் திரைகூட இல்லை. தந்தி எந்திரம் போன்ற ஒன்று காகிதத்தில் அச்சடித்துத் தள்ளும், பிள்ளைகள் சுற்றி நின்று படித்து, உணவுக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு என்று முடிவு செய்வார்கள்.

அப்புறம் ஃபோல்டிட். புரத மூலக்கூறு எப்படி மடிகிறது என்பதையே புதிராக மாற்றி, வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட விளையாட்டு. குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தருகிற ஒரு வைரஸின் நொதி, அதன் வடிவம் பத்தாண்டுக்கும் மேலாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. விளையாடுகிறவர்கள் மூன்றே வாரத்தில் அதற்கு வழி காட்டினார்கள். 2011-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விளையாடிய அணிகளின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றது. மண்டையில் ஏறாது என்று இதற்கு மேலும் சொல்ல முடியுமா, சகோதரி?

சரி, நோய் என்கிற குற்றச்சாட்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வரையறையை முழுதாகச் சொல்ல வேண்டும். விளையாட்டின் மீது கட்டுப்பாடு போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ள வேண்டும், கெடுதல் நேர்ந்த பிறகும் தொடர வேண்டும், வழக்கமாக இது 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று எந்த எண்ணும் அதில் இல்லை. விளையாடுகிறவர்களில் சிறு பகுதியினரைத்தான் இது பாதிக்கிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை வேண்டும், அதில் எனக்கும் எதிரணிக்கும் சண்டையே இல்லை. காசு கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிரிக்கிற பரிசுப் பெட்டிகளையும் நான் ஆதரிக்க மாட்டேன். அவை சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-இல் முடிவெடுத்தது சரி.

மருந்தின் பக்கத்தையும் பாருங்கள். ‘ரீமிஷன்’ என்ற விளையாட்டில், உடம்புக்குள் போய்ப் புற்றுநோய் உயிரணுக்களைச் சுட வேண்டும். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துவந்த 13 முதல் 29 வயது வரையிலான 375 பேரை வைத்து, 34 மருத்துவ மையங்களில் சோதித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. அதை விளையாடியவர்கள், சாதாரண விளையாட்டு ஆடியவர்களைவிட ஒழுங்காக மருந்து சாப்பிட்டார்கள். கசப்பு மாத்திரையை விழுங்கவே மறுக்கிற வயதுப் பிள்ளைகள் அவர்கள். அம்மா கெஞ்சியும் நடக்காதது நடந்திருக்கிறது.

கடைசிக் குற்றச்சாட்டு, வீட்டில் பேச்சு அற்றுப்போனது. இதற்கு ஆய்வு எதுவும் நான் கொண்டுவரவில்லை. என் மகள் வெளியூரில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். போனில் “சாப்பிட்டியா?” என்றால் “ம்” என்பாள். “படிக்கிறியா?” என்றாலும் “ம்” தான். அவள்தான் எனக்கு மைன்கிராஃப்ட் என்ற, கல்லை அடுக்கிக் கட்டுகிற விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை இரவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருவரும் சேர்ந்து ஒரு வீடு கட்டிவருகிறோம். நான் கல் சுமப்பேன், அவள் அடுக்குவாள்.

ஒரு ஞாயிறு கூரை போட்டுக்கொண்டிருந்தோம். கை நிற்காமல், குரலும் மாறாமல் சொன்னாள்: “அப்பா, இந்த செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போயிடுச்சு.” எதிரே உட்காரவைத்து முகம் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள். திரையில் என் கையில் ஒரு கல் இருந்தது. அதை அவள் பக்கத்தில் வைத்தேன். “சரிம்மா, எந்தப் பேப்பர்?” என்றேன். இரவு 1 மணி வரை பேசினோம். எனக்குத் தெரியாமல் நான்கு மாதமாக அவள் சுமந்ததெல்லாம் அன்றுதான் வெளியே வந்தது.

அந்த வீடு இன்னும் நிற்கிறது, நடுவர் அவர்களே. கூரையில் ஒரு மூலை மட்டும் பாக்கி, வருகிற ஞாயிற்றுக்கிழமை போடப்போகிறோம். நன்றி, வணக்கம்.