பட்டையில் கை வைக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. பினாங்கில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக மரங்களோடும், மரம் நிற்கும் தெருவில் குடியிருப்பவர்களோடும் வேலை செய்து வருகிறேன். மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்: தெருவோர மரம், கடலோரக் காடு, குரங்குப் பாலம். முதலில் மரம்.

நம் தீவுக்கே பாக்கு மரத்தின் பெயர். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனைக்கும் மரத்தின் பெயர்தான்: தஞ்சோங் பெனாகா. பெனாகா வேறொன்றுமில்லை, நம்முடைய புன்னை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல மரம். உப்புக் காற்றைத் தாங்கும், நிழல் அடர்த்தியாக விழும், வெள்ளைப் பூவுக்கு நல்ல வாசம். அதனால்தான் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் திடலோரத்தில் பன்னிரண்டு புன்னைக் கன்றுகள் நட்டோம்.

ஒரே வருடத்தில் ஒன்பது காய்ந்துவிட்டன. மண்ணைத் தோண்டிப் பார்த்தோம். பூச்சியா என்று இலையைப் புரட்டிப் பார்த்தோம். தண்ணீருக்கும் குறையில்லை, நான்காம் மாடிப் பாட்டி ஒருவர் அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வாளியில் இறக்கிக் கொண்டுவந்து ஊற்றுவார். சரி, என்னதான் நடக்கிறது என்று ஒரு நாள் காலையிலேயே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்குப் புல் வெட்டுபவர் வந்தார். முதுகில் இயந்திரம், முனையில் சுழலும் நைலான் கயிறு. கன்றின் அடியை ஒட்டி ஒரு சுற்று சுற்றினார். போய்ப் பார்த்தால், மோதிரம் போட்டதுபோல் பட்டை உரிந்திருந்தது.

இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் உரிந்தால் வேர் பட்டினி. ஆனால் மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் காயும். அதற்குள் புல் வெட்டிய நாளை எல்லாரும் மறந்திருப்போம்.

பேச்சுக் கொடுத்தேன். செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில், மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டியவராம். என் அப்பாவும் பால் வெட்டியவர்தான். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், உள்மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். அந்தக் காயத்துக்குக் கங்காணியிடம் ஏச்சு வாங்காதவர் தோட்டத்தில் உண்டா? நேயர்களில் பலர் வீட்டில் இந்தக் கதை இருக்கும். புல் வெட்டும் அண்ணன் குனிந்து கன்றின் அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இது வெட்டுக் காயம்தான் தம்பி. யாருமே சொல்லலையே. அடியில புல் நின்னா எங்களைத்தான் திட்டுவாங்க" என்றார்.

அப்போ அடியில் புல்லே இல்லாமல் செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். கன்றைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குப் புல்லைக் கொத்தியெடுத்து, கூட்டிய சருகைப் பரப்பினோம். தண்டில் மட்டும் சருகு ஒட்டக்கூடாது, ஈரத்தில் அழுகும். மறுபடி ஒன்பது கன்றுகள் நட்டோம். எல்லாம் நின்றன. மற்ற புல் வெட்டுபவர்களுக்கும் அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது மரங்கள் முதல் மாடி ஜன்னலை எட்டிவிட்டன. பாட்டி அதன் நிழலில்தான் நாற்காலி போடுகிறார்.

திரும்பவும் பட்டைக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடும் நாளில் கூட்டம் வருகிறது, படம் எடுக்கிறார்கள். கன்றுக்கு ஆபத்து அதற்குப் பின் வரும் இரண்டு மூன்று வருடங்களில்தான். அந்த வருடங்களில் அதன் பக்கத்தில் இருப்பது பாட்டியும் அண்ணனும்தான். வட்டிக்கடன் விளம்பரப் பலகையை மரத்தில் ஆணியடிப்பதைப் பார்த்தால் மனது வேகிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களே, பந்தலைப் பிரிக்கும்போது மரத்தில் கட்டிய கம்பியையும் அவிழ்த்துவிடுங்கள். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும்.

நேரம் ஆகிவிட்டது என்று வானொலி அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கடலோரக் காட்டைப் பற்றி ஒரே வரி: பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் 1990களிலிருந்து தாங்களே சேற்றில் இறங்கிக் கண்டல் நட்டு வருகிறார்கள். மீன்குஞ்சு வளரும் இடம் அது என்பது அவர்களுக்குத் தெரியும். அப்புறம், தெலுக் பஹாங் சாலைக்கு மேலே லோத்தோங் குரங்குகள் கடப்பதற்காக 2019இல் ஒரு பாலம் கட்டினார்கள், பழைய தீயணைப்புக் குழாயை வைத்து. அந்தப் பக்கம் போனால் வண்டி ஓட்டுகிறவர் மெதுவாகப் போங்கள், பக்கத்தில் இருப்பவர் அண்ணாந்து பாருங்கள். வணக்கம்.